256 கட்டங்களில் ஓர் ஆட்டோ

பெங்களூரு மல்லேஸ்வரம் சம்பிகே சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றால், ஒரு நிமிடத்துக்குள் பத்து ஆட்டோவாவது கண்ணில் படும். பச்சை உடம்பு, மஞ்சள் கூரை. அந்த ஆட்டோவைத்தான் என் அக்கா மகள் மூன்று வாரமாகக் கணினியில் வரைந்துகொண்டிருந்தாள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சொந்தமாக ஒரு சின்ன வீடியோ கேம் செய்கிறாள்: எட்டாவது கிராஸில் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓர் ஆட்டோக்காரரின் கதை. நிரல் எழுத அவளுக்கு நன்றாக வரும். படம் வரைந்து பழக்கமில்லை. கட்டம் கட்டமாக நிறம் நிரப்புவதுதானே, கற்றுக்கொண்டுவிடலாம் என்று பிக்சல் ஓவியத்தில் இறங்கினாள்.

முதல் ஆட்டோவை 64க்கு 64 கட்டங்களில் வரைந்தாள். கூரைத் துணியின் மடிப்பு, மீட்டர், பின்பக்க வாசகம் எல்லாம் இருந்தன. நாற்பது நிறம். ஆனால் அவளுடைய விளையாட்டின் திரை மொத்தமே 320க்கு 180 கட்டம். அதில் தெருவும் வீடுகளும் மரங்களும் அடங்க வேண்டுமானால் ஆட்டோவுக்கு 16க்கு 16தான் கிடைக்கும். படத்தைக் கால்வாசியாகச் சுருக்கி உள்ளே வைத்தாள்.

"மாமா, பெரிசா பார்த்தா ஆட்டோ. கேமுக்குள்ள வெச்சா கசங்கின பஸ் டிக்கெட் மாதிரி இருக்கு" என்றாள்.

காரணம் எளிய கணக்கு. 64க்கு 64 என்றால் 4,096 கட்டங்கள். 16க்கு 16 என்றால் 256. சுருக்கும்போது பதினாறு கட்டங்களின் நிறத்தைக் கூட்டி, சராசரி எடுத்து, கணினி ஒரே கட்டமாக வைக்கிறது. முகப்பு விளக்கு முக்கியம், கூரை மடிப்பு முக்கியமில்லை என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் சமமாகக் கலந்துவிடும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஒரு மனிதர் உட்கார வேண்டும். பிக்சல் ஓவியம் என்ற கலையே அந்த முடிவுதான். புதிதாகத் தொடங்குகிற பலரும் முதலில் பெரிதாக வரைந்து பிறகு சுருக்கப் பார்க்கிறார்கள். சிறிதாகவே தொடங்குவதுதான் சரி.

அப்படியானால், விடுபட்டதை யார் நிரப்புகிறார்கள்? நம் மூளை. 1973இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியான் ஹார்மன் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாக உடைத்துக் காட்டினார். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். தள்ளி நின்றாலோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ லிங்கன் தெரிவார். ஹார்மனும் அவருடன் ஆய்வு செய்த பேலா யூலெஸும் இதற்குச் சொன்ன விளக்கம் இது: கட்டங்களின் கூரான ஓரங்கள் ஒரு வகை இரைச்சலாகி, முகம் என்ற பெரிய வடிவத்தை மறைக்கின்றன. கண்ணைச் சுருக்கும்போது அந்த ஓரங்கள் மங்கி வடிவம் மேலே வருகிறது. அக்கா மகளிடம் இதைச் சொன்னதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு முறை நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். பழைய ஓவிய ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தந்த அதே பழக்கம்தான்.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹாவை இந்தியாவில் பலர் 'பிரகாஷ்' திட்டத்துக்காக அறிவார்கள்; பிறவிப் பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து, மூளை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்று ஆராயும் திட்டம் அது. அவருடைய குழு முகங்களை வைத்துச் செய்த சோதனைகள் பிக்சல் ஓவியருக்கு நேரடியாகப் பயன்படுபவை. 7க்கு 10 கட்டங்களாகக் குறைத்த பிறகும், தெரிந்த முகங்களில் பாதிக்கு மேல் பார்ப்பவர்கள் அடையாளம் கண்டார்கள். வடிவம் இப்படித் தேயும்போது நிறம் கைகொடுக்கிறது. இன்னொரு சோதனையில், பிரபலமானவர்களின் படங்களில் கண்ணை அழித்தால் ஏற்பட்ட குழப்பத்தைவிடப் புருவத்தை அழித்தால் ஏற்பட்ட குழப்பம் அதிகம்!

வீடியோ கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ இதையெல்லாம் படித்துவிட்டு வரையவில்லை. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அவர் வரைந்த தச்சனுக்குக் கிடைத்தது சின்னஞ்சிறு இடம். மூக்கு தனியாகத் தெரிய அதன் கீழே மீசை வைத்தார். தலைமுடியை வரைவது சிரமம் என்பதால் தொப்பி. கை அசைவது தெரிய வேண்டும் என்று சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் ஓர் உடுப்பு. அவன்தான் பின்னாளில் மரியோ. உலகில் கோடிக்கணக்கானோர் அறிந்த முகம் கட்டப் பற்றாக்குறையில் பிறந்தது.

நம் ஆட்டோக்காரருக்குக் கிடைத்த முகம் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்கள். கண் தனி, புருவம் தனி என்று வைக்க இடமில்லை. மேல் வரிசையில் இரண்டு கருங்கட்டங்களைச் சேர்த்து வைத்தாள். கண்ணும் புருவமும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. அதை நீக்கினால் ஆள் பொம்மையாகிவிடுகிறார்.

அவளை அதிகம் படுத்தியது கூரையின் வளைவு. முன்பக்கம் கீழிறங்கும் விளிம்பில் கட்டங்களின் படிகள் நான்கு, ஒன்று, இரண்டு, ஒன்று என்று இருந்தன. எங்கேயோ இடிக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. நான்கு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று மாற்றியதும் வளைவு வழுக்கிக்கொண்டு இறங்கியது. படிகளின் நீளம் குறைந்துகொண்டே போக வேண்டும். குறைந்து, ஏறி, மறுபடி குறைந்தால் கண் தடுக்கும்.

ஒரு கட்டம் பிசகியதைக் கண் ஏன் இவ்வளவு கறாராகப் பிடிக்கிறது? பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவர்களுக்கு இதன் விடை பழக்கமானது. இரண்டு அளவுகோல்களில் எந்தக் கோடும் எந்தக் கோடும் நேருக்கு நேர் நிற்கின்றன என்று பார்த்து அளவெடுப்போம். அந்தக் கருவி வேலை செய்வதே, கோடுகள் நேராக நிற்பதைக் கண் அபாரமாக உணரும் என்பதால்தான். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க, நல்ல பார்வை உள்ளவருக்கு ஏறக்குறைய ஒரு கோணத்துளி இடைவெளி வேண்டும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்ததில் ஒன்று. அரை மீட்டர் தொலைவில் அது சுமார் 0.15 மில்லிமீட்டர். ஆனால் இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே கண்டுபிடித்துவிடுவோம். விழித்திரையில் உள்ள ஒரு கூம்பு செல்லின் அகலத்தைவிடச் சிறிய விலகல் அது. பல செல்களின் செய்தியை ஒப்பிட்டு மூளை கணக்கிடுகிறது. இந்தத் திறனுக்கு 'மீநுண் பார்வை' என்று பொருள்படும் பெயரை 1975இல் ஜெரால்டு வெஸ்ட்ஹைமர் சூட்டினார். 320க்கு 180 திரையை ஒரு சாதாரண 24 அங்குல மானிட்டரில் ஆறு மடங்கு பெருக்கினால் ஒவ்வொரு கட்டமும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இவ்வளவு கூரான கண்ணுக்கு முன்னால் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகு என்றால் நடுத்தெருவில் கிடக்கும் கல் மாதிரி. பெருக்கும்போது முழு எண்ணால் பெருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். நாலரை மடங்கு என்று வைத்தால் சில கட்டங்கள் தடிமனாகவும் சில மெலிதாகவும் விழுந்து படம் கெட்டுவிடும்.

வாசலில் போடும் புள்ளிக்கோலத்தைப் பிக்சல் ஓவியத்துக்கு முன்னோடி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சிக்குக் கோலத்தில் புள்ளி வெறும் அடையாளம். கோடு அதைச் சுற்றிப் போகிறது. பிக்சலில் புள்ளியேதான் படம். ஆனால் கோலத்துக்கும் கணினிப் படத்துக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கோலங்களைக் கட்ட வரிசைகளின் இலக்கணமாக எழுதி உலக ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இன்னும் நெருங்கிய சொந்தம் வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். ஜக்கார்டு தறிக்கு மயிலும் மாங்காயும் வரைகிறவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகத்தான் நிரப்புகிறார். பாவு நூலை எங்கே தூக்குவது என்பதை அந்தக் கட்டங்களே முடிவு செய்கின்றன. மயிலின் கழுத்து வளைவில் படி பிசகினால் சேலை முழுக்க அது தெரியும். 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினியின் சின்னங்களை சூசன் கேர் 32க்கு 32 கட்டங்களில் முதலில் கிராஃப் தாளில்தான் வரைந்து பார்த்தார்.

அடுத்தது நிறம். மல்லேஸ்வரத்தில் இருந்துகொண்டு நிறத்தைப் பற்றிப் பேசினால் 'பஞ்சவடி' வீட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனின் வீடு. 1921இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டப் புறப்பட்டவர். கடைசிக் காலத்தில் பூக்களின் நிறத்தையும் மனிதக் கண்ணையும் ஆராய்ந்து, 1968இல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு நூலே எழுதினார். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூவண்ணக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அந்த விவாதத்தில் சான்றுகள் அவருக்கு எதிராகவே அமைந்தன. விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருப்பதால்தான் மூன்றே நிற விளக்குகளை வைத்து நம் திரைகள் அத்தனை நிறங்களையும் காட்டுகின்றன. ஆனால் நிறத்தை நேரில், பொறுமையாக, ஒவ்வொரு பூவாகப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் இந்தக் கலைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது.

புதியவர்கள் நிழலுக்குக் கறுப்பைச் சேர்ப்பார்கள். மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தால் பாசி நிறம் வரும். எங்கள் ஆட்டோவின் கூரை ஊறிப்போன சாக்கு மாதிரி ஆனது. வெயில் நாளில் வெளியே போய்ப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் சூரியனின் மஞ்சள் ஒளி. நிழலில் விழுவதோ பெரும்பாலும் வானத்திலிருந்து சிதறி வரும் நீல ஒளி. அதனால் பச்சை உடம்பின் நிழலை நீலத்தின் பக்கம் தள்ளினாள். கூரையின் நிழலைப் பாசியாக விடாமல் செம்பழுப்பாக மாற்றினாள். கோடுகளுக்கும் டயருக்கும் கருநீலம். மொத்தம் ஐந்தே நிறம். ஆட்டோக்காரரின் முகமும் கூரை நிழலின் செம்பழுப்புதான், முகப்பு விளக்கு கூரையின் மஞ்சள்தான். நாற்பது நிறத்தில் கிடைக்காத ஒற்றுமை ஐந்து நிறத்தில் வந்துவிட்டது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. வரையும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் ஏஸ்பிரைட் வாங்குகிறார்கள். இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரேஸ்பிரைட், பிஸ்கெல் இருக்கின்றன. விளையாட்டை உருவாக்க கோடோ இலவசம். செலவாவது நேரம்தான். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் 'ஸ்டார்டியூ வேலி' விளையாட்டின் நிரல், கதை, இசை, ஓவியம் அனைத்தையும் தனியாளாகச் செய்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிக்சல் ஓவியத்தை அவர் போகப் போகத்தான் கற்றார். முன்பு வரைந்ததை அழித்து மறுபடி மறுபடி வரைந்தார். 2016இல் அது வெளிவந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டோவுக்கு இரண்டாவது சட்டகம் வரைந்தாள். சக்கரங்கள் அதே இடத்தில்; உடம்பும் கூரையும் மட்டும் ஒரு கட்டம் மேலே. இரண்டையும் மாற்றி மாற்றி நொடிக்கு எட்டு முறை காட்டியதும், சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் ஆட்டோ அப்படியே திரையில் அதிர்ந்தது. இரண்டு நிலைப்படங்களுக்கு நடுவே இல்லாத அசைவை மூளை தானே உண்டாக்கிக்கொள்வதை உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1912இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

"மாமா, இப்பதான் இது ஆட்டோ" என்றாள்.

உங்கள் வீட்டில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். 16க்கு 16 என்று ஓரம் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து கலர் பென்சிலுக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் தெருவில் தினமும் பார்க்கும் ஒன்றை, இளநீர் வண்டியோ தண்ணீர்க் குடமோ, இன்று இரவே அதில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.