மின்சார சூட்கேஸா, மின்சார ஸ்கூட்டரா? வாங்கும் முன் அறிய வேண்டிய விதிகள்

புது தில்லி: விமான நிலையங்களில் பெட்டியை இழுத்துச் செல்வதற்குப் பதிலாக, அதன் மீதே அமர்ந்து ஓட்டிச் செல்லும் பயணிகளின் காணொலிகள் சமூக வலைதளங்களில் பரவி வருகின்றன. மோட்டார், கைப்பிடி, பேட்டரி ஆகியவற்றுடன் வரும் இந்த மின்சார சூட்கேஸ், பயணத்துக்கு மட்டுமன்றி அன்றாடம் அலுவலகம் செல்வதற்கும் பயன்படும் என்ற எண்ணம் சிலரிடம் உள்ளது. ஆனால் விமானப் பாதுகாப்பு விதிகளையும் மோட்டார் வாகன விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், சூட்கேஸும் ஸ்கூட்டரும் ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப இயலாதவை என்பது தெளிவாகிறது.

பேட்டரியின் அளவே முதல் வேறுபாடு

பேட்டரியில் சேமிக்கப்படும் ஆற்றல் 'வாட்-மணி' என்ற அலகால் அளக்கப்படுகிறது. மின்சார சூட்கேஸ்களில் பொதுவாக 100 வாட்-மணிக்கு உட்பட்ட லித்தியம் அயன் பேட்டரி பொருத்தப்படுகிறது. இதைக் கொண்டு மணிக்குச் சுமார் 10 முதல் 13 கி.மீ. வேகத்தில் சில கிலோமீட்டர் தொலைவு செல்லலாம்.

இந்தியச் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரி பெரும்பாலும் 2 முதல் 4 கிலோவாட்-மணி வரை இருக்கும். அதாவது 2,000 முதல் 4,000 வாட்-மணி. சூட்கேஸ் பேட்டரியைவிட இது 20 முதல் 40 மடங்கு வரை அதிகம். நாள்தோறும் 20, 30 கி.மீ. சென்று திரும்புவோருக்கு ஸ்கூட்டர் ஏற்றதாக இருப்பதற்கும், அதனை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாததற்கும் இதுவே காரணம்.

விமானத்தில் எது அனுமதிக்கப்படும்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அபாயகரமான பொருள்கள் குறித்த விதிகளையே இந்தியாவும் பின்பற்றுகிறது. இதன்படி 100 வாட்-மணி வரையிலான லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணி தன்னுடன் எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வாட்-மணி வரை எனில் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. 160 வாட்-மணியைத் தாண்டிய பேட்டரிகளுக்குப் பயணிகளின் உடைமையாக அனுமதி இல்லை.

பேட்டரி பொருத்தப்பட்ட பெட்டிகளுக்குக் கூடுதல் நிபந்தனையும் உண்டு. பெட்டியைச் சரக்கு அறைக்கு ஒப்படைப்பதாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிப் பயணியே கையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்ட, 2.7 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் அயன் பேட்டரி கொண்ட பெட்டிகளை ஒப்படைக்க இயலாது.

லித்தியம் பேட்டரி அதிக வெப்பமடைந்து தீப்பற்றினால், பயணிகள் பகுதியில் பணியாளர்கள் உடனே கண்டு கட்டுப்படுத்த முடியும். பறக்கும்போது சரக்கு அறைக்குள் சென்று தீயை அணைக்க வழியில்லை. இதுவே இந்த விதியின் அடிப்படை.

இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிகளுக்குக் கைப்பை வரம்பு பொதுவாக 7 கிலோ. மோட்டாரும் பேட்டரியும் கொண்ட சூட்கேஸ்கள் பல, துணி எதுவும் வைக்காத நிலையிலேயே இந்த எடையை நெருங்குகின்றன அல்லது தாண்டுகின்றன. எனவே பெட்டியை ஒப்படைக்க நேரிடும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால், பெட்டியை விட்டுச் செல்வதா, பயணத்தைக் கைவிடுவதா என்ற நிலை ஏற்படும்.

காலால் உந்தி ஓட்டும் சிறிய மடக்கு ஸ்கூட்டர்கள் கையில் தூக்கும் அளவுக்கு எடை குறைந்தவை. எனினும் அவற்றில் பலவற்றின் பேட்டரி 250 வாட்-மணிக்கு மேல் இருப்பதால் அவையும் விமானத்தில் ஏற்கப்படுவதில்லை.

சாலையில் ஓட்டலாமா?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக உள்ள பேட்டரி வாகனங்கள் மோட்டார் வாகனங்களாகக் கருதப்படுவதில்லை. அவற்றுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று இதனைச் சரிபார்த்துச் சான்றளித்திருக்க வேண்டும். வேகம் குறைவு என்பதாலேயே எந்தச் சாதனத்துக்கும் விலக்கு கிடைத்துவிடாது.

இந்த வரம்பைத் தாண்டிய மின்சார ஸ்கூட்டர்களுக்குப் பதிவு எண், ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு, தலைக்கவசம் ஆகிய அனைத்தும் கட்டாயம். விபத்தில் பாதசாரி ஒருவர் காயமடைந்தால், அந்தக் காப்பீட்டின் வழியே அவர் இழப்பீடு கோரலாம். காப்பீடு இல்லாத சூட்கேஸ் ஒருவர் மீது மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டியவர் மீதே விழக்கூடும். மேலும் வழவழப்பான தரைக்கென அமைந்த அதன் சிறு சக்கரங்கள், குண்டும் குழியுமான சாலைக்கு ஏற்றவை அல்ல.

ஜப்பானில் மின்சார சூட்கேஸ் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு இணையாகக் கருதப்படுகிறது. பொதுச் சாலையில் ஓட்ட உரிமம் தேவை. ஒசாகா நகரில் உரிமமின்றி நடைபாதையில் இதனை ஓட்டிய பெண் மீது 2024-ஆம் ஆண்டு காவல்துறை நடவடிக்கை எடுத்தது.

முதியோருக்கு உதவுமா?

நெடுந்தொலைவு நடக்க இயலாத பெற்றோருக்காக இதனை வாங்க எண்ணுவோரும் உண்டு. மின்சாரச் சக்கர நாற்காலிகளுக்கு விமான விதிகளில் தனிச் சலுகை அளிக்கப்படுகிறது. அவற்றில் கழற்றக்கூடிய பேட்டரி 300 வாட்-மணி வரை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் சூட்கேஸ் உடைமையாகவே கருதப்படுவதால் இச்சலுகை அதற்குப் பொருந்தாது. முதுகுச் சாய்மானம் இல்லாத அதில் சமநிலை காத்து அமர்வதும் முதியோருக்கு எளிதன்று. பயணச்சீட்டுப் பதிவின்போதே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி கோருவதே அவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

ரயில் பயணத்தில்

ரயிலில் குளிர்சாதன மூன்றடுக்கு மற்றும் படுக்கை வசதி வகுப்புகளில் 40 கிலோ வரை உடைமைகளைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். எனவே சூட்கேஸின் எடை அங்கு பெரும் தடையாக இராது. ஸ்கூட்டர்களுக்கு இந்த இலவச வரம்பு பொருந்தாது. அவற்றைத் தனியே பதிவு செய்து சரக்குப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* பேட்டரியின் வாட்-மணி அளவு அதன் மீதே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அச்சிடப்படாவிட்டால், மில்லிஆம்பியர்-மணி எண்ணை வோல்ட் எண்ணால் பெருக்கி 1,000-ஆல் வகுத்து அறியலாம்.

* கருவிகளின் உதவியின்றிக் கையாலேயே பேட்டரியைக் கழற்ற முடிகிறதா எனக் கடையிலேயே சோதிக்க வேண்டும்.

* வெற்றுப் பெட்டியின் எடையைக் கேட்டறிய வேண்டும்.

* ஓட்டிச் செல்லும் பெட்டியை ஏற்பார்களா என, பயணத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் எழுத்து மூலம் உறுதி பெறுவது நல்லது.

* குறைந்த வேக ஸ்கூட்டர் எனில், சோதனை நிறுவனத்தின் சான்றைக் காட்டுமாறு விற்பனையாளரிடம் கேட்க வேண்டும்.

ஆண்டுக்குப் பலமுறை பறப்பவருக்கு, விமான நிலையம் அனுமதிக்கும் இடங்களில் நடையைக் குறைக்கும் வசதியாக மின்சார சூட்கேஸ் அமையலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நாள்தோறும் செல்பவருக்குப் பதிவும் காப்பீடும் உள்ள ஸ்கூட்டரே பொருத்தமானது.