இணையவழி உயர்கல்வி: காணொலி மட்டும் போதுமா? மாணவர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: கல்லூரிப் பாடங்களில் ஒரு பகுதியை இணையவழியில் பயின்று, அதன் கிரெடிட் புள்ளிகளைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள மாணவர்களுக்கு இப்போது வாய்ப்பு உள்ளது. எனினும், இலவசமாகக் கிடைக்கும் பாடத்தில் ஆர்வத்துடன் சேர்ந்து, பாதியிலேயே விலகிவிடுவோர் ஏராளம். இந்த இடைவெளியை எவ்வாறு குறைப்பது என்பதே உயர்கல்வித் துறையின் முன் உள்ள கேள்வி.

பெங்களூருவின் பங்கு

இந்திய அறிவியல் கழகமும் 7 ஐஐடிக்களும் இணைந்து 2003-ம் ஆண்டு என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலை 9-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. அதில் மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பெங்களூரு ஐஐஎம் வசம் உள்ளது. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் 'நாக்' அமைப்பின் தலைமையகமும் இந்நகரில்தான் இயங்குகிறது.

என்பிடெல் தரும் பாடம்

தொடக்கத்தில் என்பிடெல் பேராசிரியர்களின் விரிவுரைகளைக் காணொலிகளாக வெளியிட்டது. எவரும் எப்போதும் பார்க்கலாம். ஆனால் பார்த்தவர் கற்றாரா என்பதை அறிய வழியில்லை. 2014-ம் ஆண்டு சான்றிதழ் படிப்புகள் தொடங்கியபோது இந்த நிலை மாறியது.

இப்படிப்புகள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடைபெறுகின்றன. ஒவ்வொரு வாரமும் குறித்த நாளுக்குள் பயிற்சி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இறுதித் தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சிகளில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றால் மட்டுமே சான்றிதழ் கிடைக்கும். காணொலியுடன் காலக்கெடுவும் உடனுக்குடன் மதிப்பீடும் சேரும்போதுதான் கற்றல் தொடர்கிறது என்பதையே இந்த அமைப்பு உணர்த்துகிறது.

கலப்புமுறைக் கற்றல் என்றால் என்ன?

நேரடி வகுப்பும் இணையவழிப் பாடமும் ஒன்றையொன்று நிறைவு செய்வதே கலப்புமுறைக் கற்றல். விரிவுரையை மாணவர் முன்கூட்டியே வீட்டில் கேட்டுவிடுகிறார். வகுப்பு நேரம் ஐயம் தீர்க்கவும், கணக்குகளைச் செய்து பார்க்கவும், விவாதிக்கவும் பயன்படுகிறது. காணொலியில் உள்ள அதே விரிவுரையை வகுப்பில் மீண்டும் நிகழ்த்தினால் இம்முறையால் பயனில்லை.

ஸ்வயம் வழியாக ஒரு பருவத்தில் 20 சதவீதப் பாடங்களைப் பயில 2016-ம் ஆண்டு விதிமுறைகள் அனுமதித்தன. இந்த வரம்பைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-ல் 40 சதவீதமாக உயர்த்தியது. அளவு உயர்ந்துள்ளதால் கல்லூரிகளின் பொறுப்பும் கூடியுள்ளது. மாணவரின் வாராந்திர முன்னேற்றத்தைக் கவனிக்க ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பது அவசியம். என்பிடெல் திட்டத்தில் இணைந்த கல்லூரிகளில் இதற்கெனவே 'உள்ளூர் கிளைகள்' செயல்படுகின்றன.

எட்டாத மாணவர்கள்

குடும்பத்தில் அனைவருக்கும் ஒரே கைப்பேசி, விட்டுவிட்டுக் கிடைக்கும் இணையம், ஆங்கில விரிவுரை ஆகியவை முதல் தலைமுறை பட்டதாரிகளுக்குத் தடைகளாக உள்ளன. பதிவிறக்கம் செய்யத்தக்க பாடக் குறிப்புகள், மாலையிலும் திறந்திருக்கும் கணினி ஆய்வகம், தாய்மொழி விளக்கம் ஆகியவற்றைக் கல்லூரிகள் அளித்தால் இத்தடைகள் குறையும். என்பிடெல் தனது பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வழங்கி வருகிறது.

சேரும் முன் கவனிக்க...

* முழுப் பட்டப்படிப்பையும் இணையவழியில் பயில விரும்புவோர், அந்நிறுவனத்துக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும் அனுமதி உள்ளதா என்பதை யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும்.

* பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டம் போன்ற பட்டங்களை முழுமையாக இணையவழியில் வழங்க அனுமதி இல்லை.

* ஸ்வயம் பாடத்தின் கிரெடிட் ஏற்கப்படுமா என்பதைப் பதிவு செய்யும் முன்பே கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிவது நல்லது.

* பாடத்தில் சேரக் கட்டணமில்லை என்றாலும், சான்றிதழ் தேர்வுக்குத் தனியே பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கான கடைசி நாளைத் தவறவிட்டால், பாடத்தை முழுமையாகப் படித்திருந்தாலும் அப்பருவத்தில் சான்றிதழ் கிடைக்காது.