பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க!

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. "இனிமே இது எதுக்கு?" என்று பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குத் தூக்குபவர்களே, சற்று நில்லுங்கள்! அதையே டி.வி.யில் படம், பாட்டு ஓட்டும் கம்ப்யூட்டராக மாற்றலாம். சத்தமும் அடங்கும்.

பேட்டரி உப்பியதா?

முதலில் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் புடைத்திருந்தால் பேட்டரி உப்பி விட்டது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சார்ஜ் போடாதீர்கள், குத்திக் கிளறாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றுங்கள். பல லேப்டாப்புகள் பேட்டரி இல்லாமல் கரண்டிலேயே ஓடும்.

"கர்ர்" சத்தம் ஏன்?

குற்றவாளிகள் இருவர். ஒன்று, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் சுழல எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. மற்றொன்று, விசிறி. தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சூடு குறையும். விசிறி மெதுவாகச் சுற்றும். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்தச் சாமான்கள் கிடைக்கும்.

பைசா செலவில்லை

விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடலாம். அதில் படம், பாட்டை வரிசைப்படுத்திக் காட்ட ஒரு சாப்ட்வேர் உண்டு. பெயர்தான் 'கோடி'; விலை பூஜ்யம்! லினக்ஸ் மின்ட்டும் இலவசமே. எச்.டி.எம்.ஐ. கேபிளை டி.வி.யில் சொருகினால் வேலை முடிந்தது.

உஷார்!

கழற்றிய ஹார்ட் டிஸ்கை அப்படியே விற்று விடாதீர்கள். டெலீட் செய்த பேங்க் விவரம், ஆதார் நகல், குடும்பப் போட்டோக்களைக்கூட மீட்டெடுக்க முடியும். முழுவதும் அழித்த பிறகே கை மாற்றுங்கள்.