ஆராய்ச்சிக் கணிப்பொறி வாங்குமுன்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று பட்டம் பெற்று ஆராய்ச்சியில் இறங்கும் பிள்ளைகள் பலர். "வீட்டிலேயே பெரிய கணிப்பொறி ஒன்று வேண்டும்" என்று அவர்கள் கேட்கும்போது பெற்றோர் திகைத்து நிற்கின்றனர். தொகையோ லட்சக் கணக்கில். பொருளோ விளங்காத ஒன்று. நாகபுரியில் வாழும் எங்கள் குடும்பத்திற்கும் 2025ஆம் ஆண்டில் இந்நிலை நேர்ந்தது. இதை எழுதுபவன் ரயில்வே சரக்கு அலுவலகக் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். ஆகையால் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டுமே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

எங்கள் தங்கை மழையைப் பற்றி ஆராய்பவள். அவளுக்கு வேண்டிய கணக்குகள் இரு வகை. காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றின் சமன்பாடுகளைக் கட்டங் கட்டமாகத் தீர்ப்பது ஒன்று. அது விஞ்ஞானக் கணக்கு. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிக் காட்டி இயந்திரத்தைப் பழக்குவது மற்றொன்று. அது செயற்கை நுண்ணறிவு. கல்லூரிக் கணிப்பொறியில் முறை வரப் பல நாள் காத்திருக்க வேண்டும். ஊரில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் வீட்டின் ஓடு மாற்றுவதற்காக, அப்பா தம் பணிக்கொடையிலிருந்து 3 லட்ச ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். "கூரை இன்னொரு மழைக்காலம் தாங்கும், குழந்தையின் படிப்பு தாங்காது" என்று அதை எடுத்து எங்களிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தை வீணாக்கினால் கூரையும் போம், படிப்பும் போம் என்ற அச்சம் எங்களுக்கு அன்று முதலே பிடித்துக்கொண்டது.

கடைக்காரர் ஒருவர் 4 லட்சத்து 10 ஆயிரத்திற்குப் பட்டியல் போட்டார். கண்ணாடிப் பெட்டி, வண்ண வண்ண விளக்குகள், விலையுயர்ந்த பிராசசர் எல்லாம் அதில் இருந்தன. கிராபிக்ஸ் கார்டின் நினைவகமோ 8 ஜி.பி. மட்டுமே. எஞ்சிய தொகைக்குக் கடன் வாங்கலாமா என்று நாங்கள் யோசித்தபோது தங்கைதான் தடுத்தாள். "அண்ணா, பெட்டியில் விளக்கெரிந்து என்ன பயன்? கணக்கல்லவா ஓடவேண்டும்! முதலில் என் கணக்கு எவ்வளவு இடம் கேட்கிறது என்று அளந்து பார்ப்போம்" என்றாள்.

வண்டி எத்தனை டன் ஏற்றும் என்று பாராமல் சரக்கை ஏற்றுவார் உண்டோ? இதுவும் அப்படித்தான். செயற்கை நுண்ணறிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் நினைவகம். கணக்கு எளிது. 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மொழி மாதிரியை 16 பிட் அளவில் ஏற்றினால் எண்ணுக்கு 2 பைட் வீதம் 14 ஜி.பி. வேண்டும். அதையே 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜி.பி. போதும். ஆனால் அதனை வழக்கமான முறையில் முழுவதுமாகப் பழக்க முற்பட்டால் எண்ணுக்குச் சுமார் 16 பைட் வீதம் 112 ஜி.பி. ஆகிவிடும், எந்த வீட்டுக் கார்டும் அதைத் தாங்காது. ஆகவே, ஓட்டுவதா பழக்குவதா என்று கேட்டறியாமல் கார்டு வாங்குதல் கூடாது.

தங்கை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரம் ஒன்றில் ஒரு வாரம் தன் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். 11 ஜி.பி. பிடித்தது. கடைக்காரரின் 8 ஜி.பி. கார்டில் அது ஓடியே இராது, 24 ஜி.பி. கார்டு தேவையும் இல்லை. 16 ஜி.பி. கார்டு என்று முடிவாயிற்று. வாடகைக்குச் செலவான சில நூறு ரூபாய் எங்களுக்கு லட்ச ரூபாயைக் காத்துக் கொடுத்தது.

விஞ்ஞானக் கணக்கின் வழி வேறு. அதில் பெரும்பாலும் 64 பிட் இரட்டைத் துல்லியம் வேண்டும். விளையாட்டுக்கென விற்கப்படும் என்விடியா கார்டுகளில் அக்கணக்கின் வேகம், 32 பிட் வேகத்தில் 64இல் ஒரு பங்கே. ஆகையால் தங்கையின் வானிலைக் கணக்கு பிராசசரை நம்பியே ஓடுகிறது. அங்கும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண மேசைக் கணிப்பொறியில் பிராசசருக்கும் நினைவகத்திற்கும் இடையே இருப்பவை இரண்டு தடங்களே. திரெட்ரிப்பர் புரோ போன்ற பெரிய பிராசசர்களில் எட்டு. தடம் இரண்டாக இருக்கையில் பிராசசரில் கோர்களை மட்டும் பெருக்குவது, ஒற்றை வழிப் பாதையில் வண்டிகளைப் பெருக்குவது போன்றது. எல்லாம் சிக்னலுக்குக் காத்து நிற்கும். எனவே நடுத்தரப் பிராசசரே எடுத்தோம். நினைவகத்தையும் 16 ஜி.பி. நான்காக வாங்காமல் 32 ஜி.பி. இரண்டாக வாங்கினோம். நான்கு துண்டு செருகினால் இவ்வகை மதர்போர்டுகளில் வேகம் குறைவதுண்டு. 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறிற்று. ஆதலால் இனி வாங்குவோர் மற்றவற்றிற்கு முன் இதன் விலையை விசாரித்தல் நலம்.

பவர் சப்ளையில் சிக்கனம் பார்த்தல் ஆகாது. எங்கள் இயந்திரம் 500 வாட் அளவே எடுக்கும். ஆயினும் பின்னாளில் பெரிய கார்டு மாற்ற இடமிருக்க 850 வாட் வாங்கினோம். 2025இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டு ஒன்றே 575 வாட் கேட்பது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 500 வாட் இயந்திரம் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 5 யூனிட். மாதத்திற்கு 150 யூனிட். மின்கட்டணத்தையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி எங்கள் தவறுகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். யு.பி.எஸ். பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மின்சாரம் நின்றது. 14 மணி நேரக் கணக்கு ஒரு நொடியில் அழிந்தது. அன்று தங்கை சாப்பிடவில்லை. மறுநாளே யு.பி.எஸ். வந்தது. அதிலும் கவனம் வேண்டும்: பெட்டியின்மேல் 600 வி.ஏ. என்றிருந்தும் 360 வாட் மட்டுமே தருபவை உண்டு. வாட் கணக்கையே கேட்டு வாங்குக. அரை மணிக்கொருமுறை கணக்கின் நிலையைத் தானே சேமிக்கும்படி தங்கையும் தன் நிரலைத் திருத்தி அமைத்தாள். அடுத்தது வெயில். கணிப்பொறி உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். மாடிப்படியின் கீழ் இடுக்கில் வைத்திருந்தோம். மே மாதப் பிற்பகலில் அது சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. காற்றோட்டமான அறைக்கு மாற்றி, கார்டின் மின் வரம்பைச் சிறிது குறைத்து, இரவில் ஓட்டத் தொடங்கினோம். வேகக் குறைவு அற்பமே. சூட்டுக் குறைவு மிகுதி.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பெரிய கணக்கு ஆண்டிற்கு இரண்டு மூன்று முறையே வருமாயின் வாடகையே சிக்கனம். 2015இல் தொடங்கிய தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின்கீழ், 2019இல் வாராணசி ஐ.ஐ.டி.யில் நிறுவிய பரம் சிவாய் முதலாகப் பல பெருங்கணிப்பொறிகள் கல்வி நிலையங்களில் உள்ளன. 10,300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏ.ஐ. திட்டமும் ஆராய்ச்சியாளருக்குக் குறைந்த வாடகையில் கார்டுகளைத் தர ஏற்பட்டது. வழிகாட்டும் பேராசிரியர் மூலம் விண்ணப்பிக்கப் பிள்ளைகளைத் தூண்டுங்கள்.

சிறிய இயந்திரத்தால் என்ன ஆகும் என்று எவரும் சோர்வடைய வேண்டா. 2012இல் உலகையே திரும்பிப் பார்க்கவைத்த பட அடையாள ஆராய்ச்சியில், டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி தம் கணக்கைப் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில்தான் ஓட்டினார். 3 ஜி.பி. நினைவகங்கொண்ட இரண்டு விளையாட்டுக் கார்டுகள். ஐந்தாறு நாள் ஓட்டம். லினக்ஸும் பைடார்ச்சும் இன்று எவர்க்கும் இலவசம்.

யு.பி.எஸ். உட்பட எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 1 லட்சத்து 92 ஆயிரம். மீதியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தோம். ஐப்பசி மழைக்கு முன் ஊருக்குச் சென்று, கூரையில் பாதிக்கு அவர் புது ஓடு போட்டு வந்தார். மறுபாதியை எங்கள் சம்பளத்திலிருந்து போடுவதாக வாக்களித்திருக்கிறோம். இரவில் நாங்கள் உறங்கும்போது அடுத்த அறையில் மின்விசிறிகள் மெல்ல இரைகின்றன. தங்கையின் மழை கட்டங் கட்டமாகப் பெய்துகொண்டிருக்கிறது.

சங்கத்து அன்பர்களே! கடைக்குச் செல்லுமுன் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உன் கணக்கு எவ்வகை? எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று அளந்தாயா? ஆண்டில் எத்தனை நாள் ஓடும்? இவற்றிற்கு விடை கிடைத்தபின் பட்டியல் எழுதுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட விலை கேட்டு, ஒவ்வொரு உறுப்பிற்கும் ரசீதும் உத்தரவாதமும் பெற்றுக்கொள்ளுங்கள். ஐயமிருப்பின் பட்டியலுடன் ஞாயிறு மாலை சங்கத்திற்கு வாருங்கள். உடனமர்ந்து பார்க்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.