துறை வழிமாற்றம்

துறை வழிமாற்றம் என்பது, ஒரு கணினியின் துறைக்கு வரும் இணைப்பை வேறொரு கணினியின் துறைக்குக் கொண்டுசேர்க்கும் முறை ஆகும். ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்றும் வழங்கப்படுகிறது. தீச்சுவருக்குப் பின்னால் உள்ள சோதனைத் தரவுத்தளத்தை இணையத்திற்குத் திறந்துவிடாமலேயே வெளியிலிருந்து அணுக இது உதவுகிறது.

துறை எண்கள்

ஐ.பி. முகவரி கணினியைக் குறிக்கிறது. அதில் இயங்கும் சேவையைத் துறை எண் குறிக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரியும் அதிலுள்ள வீட்டு எண்ணும் போன்றவை இவை. துறை எண்கள் 0 முதல் 65535 வரை அமையும். வழக்கமாக மைஎஸ்கியூஎல் 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல் 5432, எஸ்எஸ்எச் 22 ஆகிய துறைகளில் இயங்குகின்றன. எந்தத் துறைக்கு யார் வரலாம் என்பதைத் தீச்சுவர் கட்டுப்படுத்துகிறது.

செயல்படும் முறை

விருத்தாசலத்தில் வீட்டிலிருந்து பணிபுரியும் ஒரு நிரலாளரை எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தேவையான மைஎஸ்கியூஎல் சோதனைத் தரவுத்தளம் சென்னை அலுவலகத்தில் 10.0.0.5 என்னும் உள் முகவரியில் உள்ளது. தீச்சுவர் வெளியாருக்கு 3306-ஐ மூடிவிட்டு, ஓர் இடை வழங்கியின் 22-ஆம் துறையை மட்டும் அனுமதிக்கிறது.

நிரலாளர் எஸ்எஸ்எச் கட்டளையில், ஆங்கிலப் பெரிய எழுத்து ‘எல்’ என்னும் தெரிவுடன் 13306:10.0.0.5:3306 எனக் கொடுத்து இடை வழங்கியில் நுழைகிறார். இனி அவரது கணினியின் 13306-ஆம் துறைக்கு அனுப்புவதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டு இடை வழங்கியை அடைந்து, அங்கிருந்து தரவுத்தளத்திற்குச் செல்லும்.

கவனிக்க வேண்டியவை

* நடுவில் உள்ள முகவரி இடை வழங்கியின் பார்வையில் கொள்ளப்படும். அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் அது இடை வழங்கியையே குறிக்கும்.
* லினக்சில் மைஎஸ்கியூஎல் கட்டளை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரைக் கண்டால் துறையை விட்டுவிட்டு சாக்கெட் கோப்பை நாடும். எனவே 127.0.0.1 என்றே எழுத வேண்டும்.
* இடை வழங்கிக்கும் தரவுத்தளத்திற்கும் இடைப்பட்ட பகுதியை எஸ்எஸ்எச் மறையாக்கம் செய்வதில்லை.

பாதுகாப்பும் சட்டமும்

எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யூலோனென் உருவாக்கினார். அப்பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதே அதற்குக் காரணம்.

‘சோதனைக்குத்தானே’ என்று தரவுத்தளத்தின் துறையை இணையத்திற்குத் திறந்து வைப்பது ஆபத்தானது. சோதனைத் தரவு பல வேளைகளில் உண்மையான வாடிக்கையாளர் விவரங்களின் படியாகவே இருக்கும். 2017 சனவரியில், கடவுச்சொல்லின்றித் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, மீட்புத்தொகை கேட்கப்பட்டது.

அதேபோல், நிருவாகியின் அனுமதியின்றி இவ்வழியை அமைப்பதும் தவறாகும். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றிக் கணினியையோ வலையமைப்பையோ அணுகுபவர் இழப்பீடு வழங்க நேரிடும். அதையே ஏமாற்றும் நோக்கில் செய்தால், 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.