பசி எங்கே பிறக்கிறது?

பசி எங்கே பிறக்கிறது என்று வினவினால், வயிற்றிலே என்று பள்ளி செல்லாத பிள்ளையும் விடை சொல்லும். அறிவியலாளரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வால்டர் கெனனும், வொஷ்பேர்ண் என்பவரும் விந்தையான பரிசோதனை ஒன்றைச் செய்தனர். மெல்லிய குழாயின் நுனியிற் கட்டிய சிறு பலூனை வொஷ்பேர்ண் விழுங்கினார். இரைப்பையினுள் அது காற்றூட்டப்பட்டது. பசி வயிற்றைக் கிள்ளும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு விசையை அழுத்தினார். இரைப்பை சுருங்கிய வேளைகளும் விசை அழுத்தப்பட்ட வேளைகளும் ஒத்திருக்கக் கண்டு, இரைப்பையின் சுருக்கமே பசி என்று இருவரும் முடிவு கட்டினர்.

ஆனால், நோய் காரணமாக இரைப்பை முழுவதும் அகற்றப்பெற்றவர்களுக்கும் பசி உண்டாகின்றதே! அவர்களுக்குப் பசியை அறிவிப்பது யாது? விடை மூளையின் அடிப்புறத்தில் இருந்தது. பாதாம் பருப்பின் அளவினதான அப்பகுதியைப் பரிவகக்கீழ் என்பர். அதன் இரு பக்கங்களிலும் ஒரு சிற்றிடத்தைச் சிதைத்துவிட்டால், எலிகள் உணவுக்கு நடுவிலேயே உண்ணாது கிடந்து மடிவதை இந்தியரான பி. கே. ஆனந்தும் அமெரிக்கரான புரோபெக்கும் 1951 இல் யேல் பல்கலைக்கழகத்திற் கண்டறிந்தனர்.

மூளைதான் அரசன் என்றால், உடலில் எவ்வளவு சேமிப்பு உண்டு என்ற செய்தி அரசனுக்கு எப்படி எட்டுகின்றது? இங்கேதான் இரண்டு வகைச் சுண்டெலிகளின் கதை வருகின்றது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் பிறவியிலேயே அளவுகடந்து உண்டு கொழுக்கும் இருவேறு சுண்டெலி இனங்கள் இருந்தன. டக்ளஸ் கோல்மன் என்பார், ஓர் எலியின் குருதி மற்றதன் உடலினுள்ளும் செல்லும்படி இரண்டிரண்டாக இணைத்துத் தைத்தார். இரண்டாம் இனத்துக் கொழுத்த எலியோடு சாதாரண எலியை இணைத்தபோது, சாதாரண எலி உண்பதை நிறுத்திப் பட்டினியால் மாண்டது. முதலினத்துக் கொழுத்த எலியை அதனோடு இணைத்தபோதும் முதலினத்து எலி உணவை வெறுத்து மெலிந்தது. கோல்மன் உய்த்துணர்ந்தது இதுவே: "போதும்" என்று கூறும் ஏதோ ஒரு பொருள் குருதியில் ஓடுகின்றது, முதலினத்து எலிக்கு அதனை ஆக்கத் தெரியாது, கேட்கத் தெரியும், இரண்டாம் இனத்து எலி அதனை மிகுதியாக ஆக்குகின்றது, ஆனால் அதற்குச் செவிடாயுள்ளது.

அப்பொருளை உண்டாக்கும் பரம்பரை அலகை நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மன் 1994 இற் கண்டுபிடித்தார். மெலிவு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்த ஓமோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டனர். அதனைச் சுரப்பது எது தெரியுமா? வீண்சுமை என்று நாம் இகழும் கொழுப்பே!

இங்கிலாந்தில் இந்த லெப்டினைப் பிறவியிலேயே பெறாத சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒன்பது வயதில் அவளுடைய நிறை 94 கிலோகிராம். எவ்வளவு உண்டாலும் அவளுடைய மூளைக்குத் தான் பட்டினி கிடப்பதாகவே செய்தி போய்க்கொண்டிருந்தது. கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் லெப்டினை நாள்தோறும் ஊசி மூலம் ஏற்றினர். சில நாட்களிலேயே அவளது உண்ணும் வேட்கை தணிந்தது. ஓராண்டில் 16 கிலோகிராம் குறைந்தது. 1999 இல் இச்செய்தி வெளியாயிற்று. அந்தக் குழந்தைக்கு எத்தனை அறிவுரை கூறியிருந்தாலும் பயன் விளைந்திருக்குமா? "சாப்பாட்டு இராமன்" என்று வகுப்பறையிலும் உறவினர் வீடுகளிலும் பருத்த பிள்ளைகளைக் கேலி செய்வோர் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். லெப்டின் அறவே இல்லாமை மிக அரிது என்பது உண்மையே. பருத்தவர்களிற் பெரும்பாலாருக்கு லெப்டின் மிகுதியாகவே உண்டு. மூளைதான் அதனைச் செவிமடுப்பதில்லை. எனவே லெப்டின் ஊசி அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

இனிப் பசியைக் கிளப்பும் ஓமோனைப் பார்ப்போம். 1999 இல் யப்பானியரான கொஜிமாவும் கங்கவாவும் கண்டுபிடித்த கிரெலின் பெரும்பாலும் இரைப்பையிலேயே சுரக்கின்றது. உணவு வேளைக்கு முன் ஏறும், உண்டபின் இறங்கும். இது நம்முடைய வழக்கமான வேளையையும் அறிந்து வைத்திருக்கின்றது. ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தவர்களைச் சோதித்தபோது, வழக்கமான உணவு வேளைகளிற் கிரெலின் ஏறிப் பின்னர் ஒன்றும் உண்ணாமலே இறங்கியது. கந்தசட்டி விரதம் அனுட்டிக்கும் நம் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். மத்தியானப் பசியைக் கடத்திவிட்டால் பிற்பகல் அவ்வளவு கடினமன்று என்பார்கள். (நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் மட்டும் வைத்தியரைக் கேளாது விரதம் இருத்தலாகாது.)

உணவு சிறுகுடலை அடைந்ததும் வேறு சில ஓமோன்கள் சுரந்து, "போதும்" என்னும் செய்தியை நரம்பு வழியாகவும் குருதி வழியாகவும் மூளைக்கு அனுப்புகின்றன. இச்செய்தி போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும். அள்ளி விழுங்குபவர் செய்தி வருமுன்னரே கோப்பையைக் காலி செய்துவிடுவார். எதனை உண்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். சீனி கலந்த பானம் கிரெலினை விரைவில் தாழ்த்தும். ஆனால் சில மணி நேரத்தில் அது முன்னிருந்ததிலும் மேலே ஏறிவிடும். புரதமோ அதனை நெடுநேரம் அடக்கி வைக்கும். காலையில் ஒரு பணிசும் இனிப்புத் தேநீருமாகப் பாடசாலைக்கு வரும் பிள்ளை மூன்றாம் பாடவேளையிற் கொட்டாவி விடுவதை ஆசிரியராகிய நான் நாள்தோறும் காண்கிறேன். அவித்த பயறோ கடலையோ, ஒரு முட்டையோ, குரக்கன் பிட்டோ உண்டு வரும் பிள்ளைக்கு இடைவேளை வரை தாக்குப்பிடிக்கும்.

2019 இல் அமெரிக்காவிற் கெவின் ஹோல் குழுவினர் இருபது பேரை நான்கு வாரம் மருத்துவமனையில் தங்கவைத்து உணவளித்தனர். இரண்டு வாரம் ஆலைகளிற் பலவாறு பதப்படுத்திய உணவு; இரண்டு வாரம் காய்கறி, பழம், மீன், இறைச்சி முதலியவற்றை வழமைபோற் சமைத்த உணவு. இரண்டிலும் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார் யாவும் சமமே. வேண்டிய அளவு உண்ணலாம். ஆலை உணவை உண்டபோது, தம்மையறியாமலே நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் அதிகமாகவும், வேகமாகவும் உண்டனர். சமைத்த உணவுக் காலத்திற் கிரெலின் தாழ்ந்தும், போதுமென்று சொல்லும் ஓமோன்களுள் ஒன்று உயர்ந்தும் இருந்தன. சமையலறையிற் பாடுபடும் இல்லத்தரசியருக்கு இதனிலும் நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைப்பதரிது.

மெலிய விரும்புவோர்க்கு 2011 இல் மெல்போணிலிருந்து வந்த செய்தி சற்றுக் கசப்பானது. பருத்த ஐம்பது பேர் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினர். 62 ஆம் வாரத்திற் குருதியைச் சோதித்தபோதும், இழந்ததை மீட்டுவிட முயல்வதுபோல உடல் லெப்டினைத் தாழ்த்திக் கிரெலினை உயர்த்தியே வைத்திருந்தது; அவர்களுடைய பசியும் முன்னையிலும் மிகுந்தே இருந்தது. மூன்று மாதத்தில் மெலியச் செய்வோம் என்று விளம்பரம் செய்வோர் நான்காம் மாதத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. நிறை குறைந்து மீண்டும் ஏறியவரைக் கண்டு, மன உறுதியற்றவர் என்று சுற்றத்தார் கூறுவர். அவரோ ஓராண்டு கழிந்தும் ஒவ்வொரு வேளையும் தம் குருதியோடு போராடிக்கொண்டிருப்பவர்.