ஈயக் குண்டுக்கு எந்தத் துப்பாக்கி பெஸ்ட்? - அமெரிக்க 'காஸ்ட் புல்லட்' பிரியர்களின் செல்ல ரைஃபிள்கள்!

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு தெரியும்தானே? தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று பாட்டி எச்சரிப்பாரே, அதேதான். அது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதன் பங்காளி காரீயம் 327 டிகிரியில் உருகும். வீட்டில் இருக்கும் ஒரு சின்ன மின்சார அடுப்பே அதற்குப் போதும். இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஒரு கூட்டமே வார இறுதியில் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக் குண்டுகளைச் சொந்தமாக வார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் 'காஸ்ட் புல்லட்'. கடையில் தோட்டா விலை ஏறும்போதெல்லாம், 2020-ல் நடந்ததுபோல அலமாரிகள் காலியாகும்போதெல்லாம், இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சிலர் சேர்வார்கள்.

(நம்மூரில் இதை முயன்று பார்க்கலாமே என்று நினைத்துவிட வேண்டாம். ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இது முழுக்க அமெரிக்கக் கதை.)

அவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் பட்டிமன்றம் ஒன்றுதான். ஈயக் குண்டுக்கு ஏற்ற ரைஃபிள் எது?

எல்லா ரைஃபிளிலும் ஈயம் போகும்தானே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ஈயம் மட்டும்தான் போனது. 1886-ல் பிரான்ஸின் லெபெல் ரைஃபிளோடு புகையில்லா வெடிமருந்து வந்தது. குண்டின் வேகம் ஒரேயடியாகக் கூடியதில், வெறும் ஈயம் அந்தச் சூட்டையும் உராய்வையும் தாங்கவில்லை. அதனால் ஈயத்துக்கு மேலே செம்பு போன்ற கடினமான உலோகத்தில் சட்டை போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ரைஃபிள்கள் பெரும்பாலும் சட்டை போட்ட குண்டுக்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் பழைய ஈயக் குண்டைச் சுட்டால், ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். 'லெடிங்' என்று இதைச் சொல்வார்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

சரி, ஈயம் ஏன் அப்புகிறது? ஈயம் மென்மையானது, அதனால் அப்புகிறது என்பார்கள் பலர். அது பாதி உண்மைதான். பெரும்பாலும் நிஜக் குற்றவாளி அளவு. குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் இருக்கும். குண்டைச் சுழல வைப்பவை அவைதான். குண்டு அந்தப் பள்ளங்களை முழுசாக அடைக்காவிட்டால், பின்னால் இருக்கும் சூடான வாயு இடுக்கு வழியாக முந்திக்கொண்டு பாயும். போகிற போக்கில் ஈயத்தை அரித்து, குழல் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். அதனால்தான் அனுபவசாலிகள் துப்பாக்கி வாங்கியதும் முதல் வேலையாகக் குழலை அளக்கிறார்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியில், எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றைக் கம்பியால் தள்ளி மறுபக்கம் எடுத்து, அதில் பதிந்த அளவை மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். குண்டு அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ பெரிதாக இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம் இது. ஆனால், மொத்த ஆட்டமும் அதில்தான் இருக்கிறது.

மசகும் முக்கியம். 1857 சிப்பாய்க் கலகத்தில் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பற்றியெரிந்த விவகாரம் நினைவிருக்கும். என்ஃபீல்டு துப்பாக்கியின் ஈயக் குண்டுக்கு மசகு தேவைப்பட்டதால் வந்த வினை அது. இன்றைய பிரியர்கள் தேன்மெழுகையும் 'ஆலக்ஸ்' என்ற மசகையும் சரிபாதி கலந்து, குண்டின் இடுப்பில் இருக்கும் வரிப்பள்ளங்களில் நிரப்புகிறார்கள். கொஞ்சம் வேகமாகச் சுட வேண்டுமென்றால், குண்டின் அடியில் செம்பில் ஒரு குட்டிக் கிண்ணத்தை மாட்டிவிடுவார்கள். அதுதான் 'கேஸ் செக்'.

மான் வேட்டைத் துப்பாக்கிக்கே முதல் மரியாதை

இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அடிக்கடி முன்னுக்கு வரும் பெயர் வின்செஸ்டர் 1894. கௌபாய் படங்களில் விரலால் நெம்புகோலை 'சடக் சடக்' என்று இழுத்துச் சுடுவார்களே, அந்த ஜாதி. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 70 லட்சத்துக்கும் மேல் தயாரானதால் பழைய துப்பாக்கிக் கடைகளில் தேடினால் கிடைக்கும். 1895 முதல் இதற்கு வந்த .30-30 தோட்டாதான் ஈயப் பிரியர்களின் செல்லம். அதன் பித்தளை உறைக்குக் கழுத்து நீளம். மசகு நிரப்பிய பள்ளங்கள் முழுக்க அந்தக் கழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தூசியும் ஒட்டாது, மசகு வெடிமருந்திலும் கலக்காது.

இரண்டாவது காரணம், சுழற்சி. இதன் குழலில் குண்டு 12 அங்குலம் போவதற்குள் ஒரு சுற்று சுற்றும். விநாடிக்கு 2,000 அடி வேகத்தில் சுட்டால் நிமிடத்துக்கு 1,20,000 சுற்று. ஸ்வீடன் ராணுவத்தின் பழைய 6.5 மி.மீ. மௌசரில் கிட்டத்தட்ட 8 அங்குலத்துக்கே ஒரு சுற்று. அதே வேகத்தில் சுட்டால் கணக்கு 1,80,000-ஐத் தாண்டிவிடும். வீட்டில் வார்த்த குண்டு எவ்வளவு கவனமாக ஊற்றினாலும், உள்ளே எங்காவது ஒரு காற்றுக்குமிழி இருக்கலாம். எடை ஒருபக்கம் துளி சாய்ந்திருக்கும். வேகமாகச் சுற்றச் சுற்ற அந்தத் துளி தள்ளாட்டம் பெரிதாகி, குண்டு திசைமாறும். மௌசர் மோசமான துப்பாக்கி என்று இதற்கு அர்த்தமில்லை, அற்புதமான ரைஃபிள். ஈயம் போட்டால் மட்டும் வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சுற்றுக் கணக்குக்கு இதுதான் எல்லை என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், இரு கோஷ்டிகளாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். நமக்கு எதற்கு வம்பு!

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. இந்த வகை ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில், ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் நிற்கும். பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் வெடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் குலுங்கும்போது உள்ளேயே வெடிக்கலாம். அதனால் தட்டை மூக்குக் குண்டுதான் போட வேண்டும்.

வின்செஸ்டரின் போட்டியாளர் மார்லின். 1953-ல் மார்லின் கம்பெனி 'மைக்ரோ குரூவ்' என்று, ஆழம் குறைந்த நிறைய பள்ளங்கள் கொண்ட குழலைக் கொண்டுவந்தது. 'இது ஈயத்துக்கு ஆகாது' என்று அன்றைக்குக் கிளம்பிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. என்னைக் கேட்டால், அது பாவப்பட்ட குழல். அளந்து பார்த்து, கொஞ்சம் தடித்த, கெட்டியான குண்டைக் கொடுத்தவர்கள் பலர் அதில் நன்றாகவே சுட்டிருக்கிறார்கள். பெயர் கெட்டுப்போன பொருள் சில நேரம் மலிவாகவும் கிடைக்கும்!

தாத்தா துப்பாக்கி

வேகமே வேண்டாம், 'டொம்' என்ற சத்தமும் தோளில் ஒரு இடியும் போதும் என்பவர்களுக்கு .45-70. அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட தோட்டா. 405 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் ஈயம். விநாடிக்கு ஏறக்குறைய 1,300 அடிதான் போகும். ஈயத்துக்காகவே பிறந்ததால் சட்டையும் தேவையில்லை, செம்புக் கிண்ணமும் தேவையில்லை. ஷார்ப்ஸ் ரைஃபிளில் இதைப் போட்டு நூற்றுக்கணக்கான கஜம் தள்ளி இருக்கும் இரும்புக் காட்டெருமையை அடிப்பதற்கென்றே மொன்டானா மாநிலத்தின் ஃபோர்ஸித் ஊரில் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். 1990-ல் வந்த 'குவிக்லி டவுன் அண்டர்' படத்தின் பெயரால் நடக்கும் போட்டி அது.

ராணுவத்தில் ஓய்வுபெற்ற பழைய ரைஃபிள்களுக்கும் தனி ரசிகர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் கே31-ஐத் துல்லியத்துக்காகக் கொண்டாடுவார்கள். பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு வேறு ரகம். போர்க்கால அவசரத்தில் லட்சக்கணக்கில் செய்ததால், ஒரு குழலின் அளவு இன்னொன்றுக்கு இருக்காது. வாங்குகிறவர் அளக்காமல் அச்சு வாங்கினால் பணம் வீண்.

ஏ.ஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக்குகள் இந்தப் பட்டியலில் பின்வரிசைதான். குழலிலிருந்து வாயுவைத் திருப்பி எடுத்து வேலை செய்யும் இயந்திரம் அது. மெதுவான ஈயத் தோட்டாவில் அதற்குத் தேவையான அழுத்தம் வராமல் போகலாம். மசகும் ஈயத்துகளும் உள்ளே சேரும். போதாக்குறைக்கு, காலி உறையைப் புல்வெளியில் தூக்கி எறிந்துவிடும். உறையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் காசு மிச்சம் பிடிக்கிற ஆளுக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன?

ஈயம் எங்கிருந்து வருகிறது?

ரொம்ப காலம் கார் சக்கரங்களில் பேலன்ஸுக்காக ஒட்டும் ஈயக் கட்டிகள்தான் இவர்களுக்கு அட்சய பாத்திரம். இப்போது அந்த இடத்துக்கு இரும்பும் துத்தநாகமும் வந்துவிட்டன. துத்தநாகம் தவறிக் கலந்தால் அந்தக் கலவையே பாழ். பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம் கிடைத்தால் புதையல். 84 சதவிகிதம் காரீயம், 12 ஆன்டிமணி, 4 வெள்ளீயம். ஆன்டிமணி கெட்டித்தன்மை தரும். வெள்ளீயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்ப உதவும். கார் பேட்டரி ஈயத்தைத் தொடவே மாட்டார்கள். அதை உருக்கினால் கொடிய விஷ வாயு வரக்கூடும்.

விஷம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். உடலில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால் சமையலறையில் உருக்குவது, வார்த்துக்கொண்டே தின்பண்டம் கொறிப்பது, அதே உடையோடு குழந்தையைத் தூக்குவது எல்லாமே ஆபத்து. காற்றோட்டமான தனி இடம், தனிப் பாத்திரம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல் என்று கறாராக இருப்பவர்கள்தான் இதில் நீடிக்க முடியும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மாட்டிக்கொண்டால், அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும்.

பறவைகளும் தப்பவில்லை. வேட்டையாடியவர்கள் விட்டுப்போன இறைச்சியில் இருந்த ஈயத்துகளைத் தின்று கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் செத்து விழுந்தன. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அங்கே வீட்டில் வார்த்த குண்டைச் சுடுகிறவர்களுக்கு இப்போது மிச்சமிருப்பது காகித இலக்கும் இரும்புத் தகடும்தான். .30-30-க்கும் .45-70-க்கும் அதில் ஒன்றும் குறையில்லை.